மட்டி வாய் திறக்கும் நேரம்

என் வயதை ஒத்த சகோதரிகளே, போன மாதம் பெண்கள் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கையில் முட்டை அவிக்க எத்தனை நிமிஷம் என்று ஒரு பேச்சு வந்தது. ஐந்து என்றாள் ஒருத்தி. ஏழு என்று சண்டைக்கு வந்தாள் இன்னொருத்தி. இப்போது எல்லார் வீட்டுச் சுவரிலும் கடிகாரம் தொங்குகிறது, ஆகையால் எல்லாரும் நிமிஷத்திலேயே பேசினீர்கள். அடுப்படியில் நேரம் என்றால் எனக்குக் கண்முன் வருவது கடிகார முள் அல்ல, ஒரு பெண்ணின் விரல். அன்று அதைச் சொல்லப் பொழுது இல்லை. எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தி. எனக்கு எட்டு வயது. ஆறு கடலில் போய் விழுகிற இடத்துக்கு நாலு மைல் மேற்கே இருந்தது எங்கள் மிஷன் ஊர். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், மறுபக்கம் பனங்காடு. காற்று கிழக்கே இருந்து அடித்தால் கொடியில் காயும் துணியில் உப்பு வாசனை ஏறும். அப்பா சபைக்கு உபதேசியார். போதகரை அந்த நாளில் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வில்வண்டியில் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவதும் நோயாளிகளைப் பார்ப்பதும் அப்பாதான். அம்மா நான் நடக்கப் பழகுமுன்னே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாள். அப்பாவின் அக்காள், என் அத்தை, புருஷனை இழந்து வந்து எங்கள் வீட்டை நிர்வாகம் பண்ணினாள். ஓய்வுநாள் பள்ளியும் அவள் கையில். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வாத்தியார்.

அந்தச் சித்தப்பாவுக்குத்தான் அந்தக் கோடையில் கலியாணம் ஆகிச் சித்தி வந்தாள். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு ஊர். எங்கள் சாதிசனம்தான், கருப்பட்டி வியாபாரம் பண்ணுகிற வீடு, ஆனால் மாதா கோவிலுக்குப் போகிற ஆர்.சி.காரர்கள். சித்தி எங்கள் சபையில் சேர்ந்துதான் கலியாணம் நடந்தது. அவள் அப்பா வரவில்லை. "இந்த வாசலைத் தாண்டினா தாண்டினதுதான், திரும்பி வந்தா கதவு தொறக்காது" என்று சொல்லி அனுப்பினாராம். அவளுடைய அம்மா முந்தின வருஷமே இறந்துபோயிருந்தாள்.

சித்தி ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மண்பானையும் கொண்டுவந்தாள். வாயகன்ற பானை. அடி கன்னங்கறேல் என்று கறுத்து, கழுத்தில் ஈரமண்ணில் விரலை ஓட்டின மாதிரி ஒரு வரி. அதற்குப் பனையோலையில் முடைந்த மூடி. அம்மா வீட்டுப் பானை என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, அவள் அதை இறக்கின விதத்தில்.

கலியாணம் ஆகி இரண்டு வாரம் இருக்கும். மீன்காரி வாசலில் கூடையை இறக்கி, "உபதேசியார் வீட்டம்மா, மட்டி கெடக்கு, உசிரோட கெடக்கு!" என்று கூப்பிட்டாள். ஈரச் சாக்கை விலக்கினால் உள்ளே கூழாங்கல் குவித்த மாதிரி சிப்பிகள். அதுவரை எங்கள் வீட்டில் மட்டி வாங்கினதில்லை. மாங்காய்த் தோல் சீவ வெறும் ஓடு ஒன்று கிடக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு பிராணி குடியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சித்தி ஓடிவந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் பல் தெரிந்தது.

அத்தை முகத்தைச் சுளித்தாள். "ச்சீ, இத யாரு திம்பா? செதிளு இல்லாதது ஆகாதுன்னு வேதத்துல இருக்கு."

அப்பா கட்டிலில் இருந்தபடியே, "நேத்து றாலுக் கொழம்பச் சட்டியோட வழிச்சியேக்கா, அதுக்குச் செதிளு இருந்துதா?" என்றார்.

"அது வேற."

"என்ன வேற?"

"அது ருசியா இருந்துது. சும்மா கெட."

ஒரு படி நெல்லுக்கு ஒரு சுளகு மட்டி வந்தது.

சித்தி அதைக் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்தாள். அரைப்பொழுதில் தண்ணீருக்கு அடியில் மெல்லிசாக மணல் படிந்தது. மட்டி தின்ற மண்ணைக் கக்குகிறதாம். பிறகு இரண்டு இரண்டாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டச் சொன்னாள். உயிருள்ளது கல்லாகச் சத்தம் கொடுக்கும். செத்தது பொத்தென்று சொல்லும். நான் காதோரம் வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த வேலை என் வாழ்நாளில் எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று.

பானையின் அடியில் தென்னை ஈர்க்கைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒரு சிரட்டைத் தண்ணீர் விட்டு, மேலே மட்டியைப் பரப்பி, வாழையிலை போட்டு மூடினாள். "தண்ணில கெடந்து வேகப்படாது, ஆவியிலதான் வேகணும்" என்றாள். மூடியின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி கிளம்பினதும் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டாள். கண் பானையில். உதடு அசைந்தது. முந்தானைக்குள் இருந்த கை ஒவ்வொரு விரலாக மடக்கினது எனக்கு மட்டும் தெரிந்தது, நான் அவள் மடிப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கை முடிந்து மறு கை. பத்தாவது விரல் மடங்கினதும் எழுந்து மூடியைத் தூக்கினாள்.

சகோதரிகளே, அந்தக் காட்சியை நான் என்ன சொல்ல. கல்லாகக் கிடந்ததெல்லாம் வாய் திறந்து கிடந்தன, கீர்த்தனை பாட எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொரு வாய்க்குள்ளும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்ன நாக்கு. ஈரப் பாறையும் புது வாழையிலையும் சேர்ந்த ஒரு வாசனை வீட்டை நிறைத்தது.

"என்ன சித்தி முணுமுணுத்தீய?"

"மட்டியக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டா தொறக்குமா?"

"தொறந்திருக்குல்லா? பாத்துக்கோ." திறக்காமல் கிடந்த இரண்டை எடுத்து வெளியே வீசினாள். "இதுக ரெண்டும் கூப்பிட்டும் தொறக்காத பயலுவ. இதத் திங்கப்படாது."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் மட்டி அவிந்தது. மிளகும் உப்பும் தூவி அத்தையும் தின்றாள். "சவுக்கு சவுக்குன்னு இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே தின்றாள். நான் ஒவ்வொரு தரமும் சித்தியின் மடியை ஒட்டி உட்கார்ந்து காதைத் தீட்டினேன். நாலாவது வாரத்துக்குள் அந்த வார்த்தைகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் தொட்டியில் ஊறுகிற மட்டிகளிடம் போய், கை கூப்பி, பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை, கொஞ்சம் திறந்திருந்த ஒன்றும் என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. யோசித்தேன். விசுவாசமும் கிரியையும் இரண்டும் வேண்டும் என்று அப்பா பிரசங்கத்தில் சொல்வாரே, அதுபோல ஜெபமும் அடுப்பும் இரண்டும் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அத்தை கேட்டாள்: "ஜெபம் பண்ணினா என்ன நடக்கும்?"

"மழை பெய்யும்" என்றான் ஒருத்தன். "காய்ச்சல் போகும்" என்றாள் ஒருத்தி.

நான் எழுந்து, "மட்டி வாயத் தொறக்கும்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தைக்கும் சிரிப்பு. "எந்த ஜெபம்ட்டி அது? சொல்லு, நாங்களும் படிச்சுக்கிடுதோம்."

கை கூப்பி, கண்ணை மூடி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் யாரும் சிரிக்கவில்லை. என் ஞாபகசக்தியைக் கண்டு அசந்துபோனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்னது ஆர்.சி.காரர்கள் ஜெபமாலை உருட்டிச் சொல்லுகிற, எங்கள் சபையில் ஆகாத மாதா மந்திரம் என்பது எனக்கு எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அத்தை கூச்சல் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேரே அடுக்களைக்குப் போய்ப் பானையைத் தூக்கிக் கொல்லையில் வேலியோரம் வைத்தாள்.

"ஏளா, இந்தப் பிள்ளைக்கு மாதா மந்திரம் சொல்லிக் குடுத்தது நீதானா?"

சித்தியின் கண் வேலியோரப் பானையில் இருந்தது.

"இல்லைன்னாவது சொல்லு. வாயத் தொறயேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

அத்தை சித்தப்பாவிடம் திரும்பினாள். "மிஷன் வாத்தியார் பொண்டாட்டி ரெண்டு சபையில கால் வச்சா ஒனக்கு வேலை எப்படி நெலைக்கும்? உபதேசியார் வீட்டு அடுப்புலயே இப்படி நடந்தா ஊருல எவன் ஒன் அண்ணன் பிரசங்கத்தக் கேப்பான்? வெள்ளிக்கெழம ஐயரு வாராரு. அவரு விசாரிக்கட்டும். தப்புன்னா வார ஞாயித்துக்கெழம அவ திருவிருந்துக்கு வரப்படாது. கொண்டுபோய் அப்பன் வீட்டுல விட்டுட்டு வா."

சித்தப்பா நல்லவர். ஆனால் அக்காளுக்கு முன்னால் அவருக்கு நாக்கு எழும்பாது. அன்று மத்தியானம் மாட்டுத்தொழுவத்துப் பக்கம் சித்தி அவரிடம் பைய சொன்னது என் காதில் விழுந்தது. "என்னய எங்கன கொண்டு விடுவீய? எங்கப்பா கதவத் தொறக்க மாட்டாவ."

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கிற்று. முழுவதும் விளங்கவில்லை, சித்தி போய்விடுவாள், அவளுக்குப் போக இடமும் இல்லை என்ற மட்டும் விளங்கிற்று. ஐந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லையில் கிடந்த பானையில் எங்கள் சிவப்புக்கோழி ஏறி உட்கார்ந்து முட்டை வைக்க ஆரம்பித்தது. சித்தி தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். விரட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஐயர் வந்தார். கனத்த சரீரம், வெள்ளைத் தாடி, சட்டைப் பைக்குள் போகிற ஒரு கடிகாரச் சங்கிலி. மோர் குடித்து வியர்வை துடைத்து உட்காருமுன்னே அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எங்கே விசாரிக்கலாம் என்று அவர் கேட்க, "இங்கனதான் நடந்துது, இங்கனயே கேளுங்க" என்று அடுக்களையைக் காட்டினாள். ஐயருக்கு முக்காலி போட்டோம். அப்பா, சித்தப்பா, அத்தை, நான், எல்லாரும் சுவரோரம் நின்றோம்.

"சொல்லு மகளே" என்றார் ஐயர். "அந்த மந்திரத்த எதுக்குச் சொன்ன?"

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "நேரத்துக்குத்தான்யா" என்றாள்.

"நேரத்துக்கா?"

"ஆவி வந்த பெறகு பத்துத் தரம் சொன்னா மட்டி வெந்திரும். கொறஞ்சா தொறக்காது. கூடினா தோலாப் போயிரும். எங்கம்ம அப்படித்தான் பழக்கினா."

ஐயர் தாடியைத் தடவினார். அத்தை விடவில்லை. "நேரத்துக்குன்னா நம்ம ஜெபத்தச் சொன்னா நேரம் ஆகாதாய்யா?"

"அதுவும் நியாயந்தான்" என்றார் ஐயர். "செஞ்சு பாத்திருவோமே. மட்டி இருக்கா?"

ஐயர் வருகிறார் என்று அத்தையே காலையில் வாங்கி ஊறப்போட்டிருந்தாள். கோழியை விரட்டிப் பானையைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். சித்தி கையை நீட்டினாள். "நீ நில்லு, நான் வைக்கேன்" என்று அத்தையே ஈர்க்கு அடுக்கி, மட்டியைப் போட்டு, அடுப்பில் ஏற்றினாள். பானை சூடேறுமுன்னே கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். அத்தை ஜெபம் பண்ணினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். எல்லாரும் தலை குனிந்தோம். முடித்து, "ஆமென்" என்று சொல்லி, மூடியைத் தூக்கினாள்.

ஒன்றுகூடத் திறக்கவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லார் முகத்திலும் ஒரே எண்ணம் ஓடினது, வாய்விட்டுச் சொல்லக் கூடாத எண்ணம். மாதா மந்திரத்துக்குத் திறந்தது, எங்கள் ஜெபத்துக்குத் திறக்கவில்லை. அத்தை தூக்கின மூடியோடு அப்படியே நின்றாள். அப்பா இருமினார். ஐயரும் இருமினார். அந்த நிமிஷத்தில் அத்தையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பானைக்குள் கிடந்தவை ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தன.

என்னால் அடக்க முடியவில்லை. "இன்னும் வேகல அத்த! ஆவியே வரல! நீங்க ஒரு தரந்தானே சொன்னீய, சித்தி பத்துத் தரம்லா சொல்லும்!"

"வாய மூடு மூதி" என்றாள் அத்தை. ஆனால் ஐயர் முக்காலி ஆடச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டு, "பிள்ளை சொல்லுதது சரிதான். மூடி வைங்க. எத்தன தரம் சொல்லணும் மகளே?" என்று சித்தியைக் கேட்டார்.

"தெரியலய்யா. நம்ம ஜெபம் கொஞ்சம் நீளம்" என்றாள் சித்தி.

நம்ம என்றாள். ஐயர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆவி கிளம்பினது. ஐயர் தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதில் பானைக்குள் டிக்கென்று ஒரு சத்தம். ஆறாவது ஆமெனுக்கு அத்தை பயந்து பயந்து மூடியைத் தூக்கினாள். எல்லாம் திறந்திருந்தன. "ஸ்தோத்திரம்" என்றாள் அத்தை. அவ்வளவு நன்றியோடு அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐயர் ஒரு தட்டு நிறையத் தின்றார். ஓடுகளை அடுக்கி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இது பக்தியில்ல, கடிகாரம். இதுல ஒண்ணும் தப்பு கெடையாது. இனிமே இந்த வீட்டுல ஆறு பரமண்டல ஜெபம்னு வச்சுக்கிடுங்க." அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி அத்தைக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்று அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்தாள். சித்தப்பாவின் வேலையும் போகவில்லை. எல்லாருக்கும் திருப்தி. ஐயர் நியாயமான மனுஷன் என்று ஊர் முழுக்கச் சொன்னது, நானும் சொன்னேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அன்று ஐயரின் சட்டைப் பையில் நிஜமான கடிகாரமே இருந்தது. நேரத்துக்குத்தான் என்று நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் அதை வெளியே எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயருக்கே தோன்றவில்லை. தோன்றியும் எடுக்காமல் இருந்தாரோ என்னவோ.

சித்தி அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தைக்குக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டித் துணி மாற்றினது அவள்தான். எங்கள் கல்லறைத் தோட்டத்திலேதான் அவளை வைத்தோம். பானை எந்த வருஷம் உடைந்தது, மூடி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அவள் சொன்னது நேரத்துக்குத்தானா, அம்மாவுக்கா, வேறு எதற்கா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கர்த்தர் அறிவார். அவருடைய சமுகத்தில் போய் நிற்கிற நாளில் கேட்க எனக்குப் பெரிய கேள்விகள் இல்லை. இந்த ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

ஐயர் வண்டி ஏறிப் போன அடுத்த வாரம் மறுபடியும் மட்டி வந்தது. சித்திதான் அவித்தாள். அத்தை அடுக்களை நிலையில் சாய்ந்து காவல் நின்றாள். ஆவி கிளம்பினதும் சித்தி பரமண்டல ஜெபத்தை நல்ல சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். அத்தை எண்ணினாள். நான் வழக்கம்போல மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முந்தானைக்குள் அவள் விரல் மடங்கினது. சத்தமாக இரண்டாவது ஜெபம் நடக்கையில் மூன்றாவது விரல் மடங்கியிருந்தது. சத்தமாக வந்தது ஆறு. உள்ளே மடங்கினது பத்து. இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தன.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சித்தியும் என்னைப் பார்த்தாள். நான் கண்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முந்தானையை இழுத்துக் கையை மூடினாள்.

"ஏட்டி, அவ மடியில என்னத்தப் பாக்கே?" என்றாள் அத்தை நிலையில் இருந்து.

"தீ கூடிட்டான்னு பாக்கேன் அத்த" என்றேன்.

நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் கேட்டதில்லை.

சித்தி மூடியைத் தூக்கினாள். முதலில் கண்ணில் பட்ட மட்டியை எடுத்து, விரல் சுட, ஓட்டிலிருந்து பிரித்து, இரண்டு தரம் ஊதி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"வாயத் தொறட்டி" என்றாள்.

திறந்தேன். அதற்கு மட்டும்.